குமுதவல்லி அக்காவின் பெரட்டு

காலை ஆறரைக்கு என் போன் இப்போதும் அடிக்கிறது. அடிப்பது வேறு ஆள். அரைத் தூக்கத்தில் அது நினைவிருக்காது. குமுதவல்லி அக்காதான் என்று நினைத்து முனகிக்கொண்டே எடுப்பேன். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள்கூட நான் முகம் சுளிக்காமல் அந்தப் போனை எடுத்ததில்லை. இன்றைக்கு அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன். மனுசப் புத்தியே இப்படித்தான்.

கோலா சாவாவுக்கு உள்ளே இருந்த ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் நாங்கள். தோட்டத்தை விற்றபோது நாற்பது வரிசை வீடுகளைக் கட்டி, குடியிருப்புக்கு 'தாமான்' என்று பலகையும் நட்டு எங்களை அங்கே இறக்கிவிட்டார்கள். அக்கா பதினாறு வயதில் உளி பிடித்தவர். முப்பது வயதுக்குள் புருஷன் தர்மராஜ் அண்ணனைச் சம்சுச் சாராயத்துக்குப் பறிகொடுத்தார். பிறகு அரசாங்கக் கிளினிக்கில் தரை துடைத்தே மகளைப் படிக்கவைத்து, கோலாலம்பூரில் கட்டிக்கொடுத்தார். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். குரல் மட்டும் பத்துப் பேருக்குப் போதும்.

பெரட்டைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்போம். கணக்கெழுதும் கிராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்யா" என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை. பனியும், ஒட்டுப்பால் நாற்றமும், யாரோ ஒருவரின் இருமலும், பெண்கள் பக்கமிருந்து வரும் அடக்கிய சிரிப்பும் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. முதல் நாள் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றிப் பேர் சொல்லிவிடுவான். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும். ஆனாலும் காதில் விழாததுபோல் நிற்பார். அதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. கூட்டாளிக்கு அதுகூடச் செய்யாவிட்டால் என்ன கூட்டாளி? நானும் நல்லசாமியும் ஒருவருக்கொருவர் சொன்னதற்குக் கணக்கே கிடையாது. நல்லசாமியின் குரல் அவனைவிட எனக்கு நன்றாக வரும்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். முச்சந்தியில் போலீஸ் ரோட்பிளாக். எனக்கு மனைவி போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஜாகா காவல் வேலையும் அந்த வாரமே போனது. பக்கத்து வீட்டு நல்லசாமி ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பஸ் வாசலில் நின்றது. ஜொகூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன அவன் மனைவி அங்கேயே மாட்டிக்கொண்டாள். டிவியில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக நாள் போனது. கள்ளத்தனமாகச் சம்சு விற்க மட்டும் எங்கிருந்தோ ஆள் வந்துவிடுவான்.

கிளினிக்கில் அக்காவுக்குப் பழக்கமான நர்ஸ் ஷஹீதா மிஸ்ஸி, "அக்கா, காய்ச்சல் வந்து போறவங்களவிட வீட்டுக்குள்ள மனசு ஒடிஞ்சு குடிச்சே போறவங்க அதிகமாயிடுவாங்க போல. உங்க ஆளுங்ககிட்ட தெனமும் யாராவது பேசணும்லா" என்றாராம். அவ்வளவுதான். அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். தனியாக இருப்பவன், வேலை போனவன், குடிப்பவன் என்று பார்த்துப் பேர் எழுதினார். தினமும் பதில் சொன்னவன் பேருக்கு நேராக ஒரு கோடு போடுவார், குடித்தானா என்பதையும் குறித்துக்கொள்வார். நான் மூன்றுக்கும் பொருத்தமானவன்.

முதல் நாள் போனை எடுத்ததும், "சத்தியசீலன்!" என்று கிராணி மாதிரியே ஒரு அதட்டல். நான் தூக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"இருக்கேன்க்கா."

"தூங்கினியா?"

"ஏதோ."

"குடிச்சியா?"

"கொஞ்சூண்டு."

"சரி. என்ன சமைக்கப் போற?"

"என்னக்கா, திட்டலையா?"

"திட்டினா நாளைக்குப் போன எடுக்க மாட்டீங்கன்னு மிஸ்ஸி சொல்லிருச்சு. இல்லன்னா உங்கள சும்மா விடுவேனா?"

பிறகு ஐந்து நிமிடம் பழைய கதை. தீமிதியன்று மண்டோரின் வேட்டி அவிழ்ந்தது, கிராணி வீட்டுக் கோழி காணாமல் போனது. முப்பது வருடத்துக்கு முந்திய கோழி அது. அதைத் தின்றவன் நான் என்று அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது! பேசி முடித்த பிறகு அன்றைய சுவர் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருக்கும்.

அக்கா போட்டது ஒரே ஒரு சட்டம். அவனவன் பேருக்கு அவனவன் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். பொண்டாட்டி சொன்னாலும் பிள்ளை சொன்னாலும் செல்லாது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் நல்லசாமி போனை எடுப்பதை நிறுத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சீலா, அக்காகிட்ட எதாவது சொல்லி சமாளிலா. இந்த மூஞ்சோட என்னத்த பேசுறது?" என்றான். கண் மஞ்சளாக இருந்தது. நான் தலையாட்டினேன். கூட்டாளி கேட்டால் மறுக்க நாங்கள் பழகவில்லை.

முதல் நாள் அக்கா அவனைப் பற்றிக் கேட்டதும், "குளிக்கிறான்க்கா, நல்லாத்தான் இருக்கான்" என்றேன். மறுநாள், போனில் சார்ஜ் இல்லை என்றேன். மூன்றாம் நாள் அக்காவின் குரல் மாறியது.

"போனக் கொண்டுபோய் அவன்கிட்ட குடு. அவன் வாயால சொல்லட்டும்."

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் அவனைப் பார்க்கவில்லை. வேலியோரம் போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. போதையில் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நான் செய்ததை இன்று எழுதவும் கூசுகிறது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "இருக்கேன்க்கா" என்றேன், நல்லசாமியின் குரலில்.

அக்கா ஒரு நொடிகூட ஏமாறவில்லை.

"சீலா, அவன் வீட்டுக் கதவ ஒடை. நான் வர்றேன்."

அக்கா வீடு கடைசி வரிசை. முகக்கவசத்தோடு, ஒரு காலில் செருப்பு இல்லாமல் ஓடி வந்து சேர்ந்தார். அதற்குள் நான் பின்கதவை உதைத்துத் திறந்திருந்தேன். நல்லசாமி குளியலறை வாசலில் மல்லாந்து கிடந்தான். வாயெல்லாம் வாந்தி. மூச்சு எங்கோ அடியில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்கா ஆம்புலன்சைக் கூப்பிட்டு இடம் சொன்னார். அடுத்து ஷஹீதா மிஸ்ஸியை அழைத்து, மிஸ்ஸி சொல்லச் சொல்ல அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை, "நல்லசாமி! நல்லசாமி!" என்று பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"அது போதும்டா" என்றார்.

வண்டி போன பிறகு இருவரும் லோங்காங் சாக்கடைத் திட்டில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தர்மராஜ் போன அன்னைக்கு நீ பெரட்டுல இருந்தியா?"

"இருந்தேன்க்கா."

"கிராணி அவர் பேரக் கூப்பிட்டப்ப நான் என்ன சொன்னேன்?"

எனக்கு நினைவிருந்தது. "பின்னால வந்துகிட்டு இருக்காருன்னு சொன்னீங்க."

"எந்திரிக்க முடியாமக் கெடந்தாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு மறைச்சேன். அவர் மர நெரையையும் சேர்த்து நானே சீவினேன். பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனா, ஆளு சில்லுன்னு கெடக்காரு. முடியாமக் கெடக்காருன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மருந்து குடுக்குற தோட்டத்து டிரெஸர் போய்ப் பாத்திருப்பாரு." முந்தானையைப் பார்த்தார், அதில் வாந்தி காய்ந்திருந்தது. "யார்கிட்டயும் சொன்னதில்ல. இவ்வளவு வருஷமா நெஞ்சுல கெடக்கு."

நான் அழுதேன். ஐம்பத்தைந்து வயது ஆம்பிள்ளை, பட்டப்பகலில், சாக்கடை ஓரத்தில்.

நல்லசாமி பதினாறு நாள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். மாதம் இருமுறை கிளினிக்கில் கவுன்சிலிங் போனான். இரண்டு தடவை வழுக்கினான். இரண்டு தடவையும் காலையில் தன் வாயாலேயே அக்காவிடம் சொன்னான். நானும் குறைத்தேன். நிறுத்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நோட்டில் உண்மை இருக்கிறது.

கட்டுப்பாடெல்லாம் போய், பஸ் மறுபடி ஓடி, நல்லசாமியின் மனைவியும் வந்து சேர்ந்தாள். அக்கா மட்டும் பெரட்டை நிறுத்தவில்லை. போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள் ஆறரை ஆகியும் எனக்குப் போன் வரவில்லை. ஆறு முப்பத்தைந்துக்கு நல்லசாமி என் கேட்டை உலுக்கினான்.

"சீலா, அக்கா கூப்பிடலடா."

இருவரும் ஓடினோம். வழியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் கையில் போனோடு நின்றார்கள். அக்கா தூக்கத்திலேயே போயிருந்தார். தலைமாட்டில் கண்ணாடியும் நோட்டும் இருந்தன.

கருமாதியன்று அந்த நோட்டை அவர் மகள் நல்லசாமியிடம் கொடுத்தாள். பந்தலில் அவன் அதைப் பிரித்தான். முதல் பேர் 'குமுதவல்லி'. எங்களையெல்லாம் கூப்பிடுவதற்கு முன்னால் தினமும் தன் பேருக்கு நேராக ஒரு கோடு போட்டிருக்கிறார். தனியாக இருந்தவர்களில் அவரும் ஒருவர் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

நல்லசாமி எழுந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டான்.

"குமுதவல்லி!"

பழக்கம் பொல்லாதது. என் வாய் திறந்துவிட்டது. நல்லசாமி என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவன் அடுத்த பேரைக் கூப்பிட்டான்.