மங்குக்கு வாங்கிய க்ரீம்

என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்து நாலைந்து வருஷம் ஆகிறது. மூக்கின் மேல் தொடங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவி, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி ஒரு நிறம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்கள்கூட, மூஞ்சியில் என்னங்க என்று அக்கறையாகக் கேட்பார்கள். வெயில் என்பேன். இவர்களுக்கு அடுத்த ஸ்டாப்பிங் வந்து தொலையாதா என்று இருக்கும்.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகள்தான் இதற்கு ஒரு முடிவு கட்டக் கிளம்பினாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். சேலத்துப் பக்கம் ஒரு இடம் ஜாதகம் பொருந்தி, பையன் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்கள் என்னை மட்டுமா பார்ப்பார்கள், உன்னையும்தானே பார்ப்பார்கள் என்றாள் மகள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மகள் வாங்கி அனுப்பிய பார்சல் பக்கத்து ஊர் இண்டூர் கடைவீதி வரைதான் வந்தது. நானே போய் வாங்கி, கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து எடுத்து வந்தேன். முகம் கழுவ ஒன்று, சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ஒரு சீரம், வெள்ளை டப்பாவில் ஒரு க்ரீம். ராத்திரியில் மட்டும் போடவேண்டும், பகலில் போட்டு வெயிலில் போனால் இன்னும் கறுத்துவிடும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். பகலில் போட எனக்கு வழியும் இல்லை. எங்கள் பிழைப்பு அப்படி.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். குட்டிப் புழுவாக வாங்கி வந்து, மல்பெரித் தழை போட்டு, கூடு கட்டும்வரை வளர்த்து, கூட்டை விற்போம். பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகவே ஆகாது. பவுடர், சென்ட், வாசனை எண்ணெய், புகையிலை எதுவும் புழுக் கொட்டகைக்குள் போகக்கூடாது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் தலையில் இருக்கும் பூவை வெளியிலேயே எடுத்துப் போட்டு, குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். புழு வளர்க்கிற வீட்டுப் பெண்களை எங்கள் பக்கம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். விசேஷ வீட்டிலும் வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர்கள் மாதிரி நிற்போம்.

அதனால் ராத்திரி எனக்கு வசதியாகப் போயிற்று. பொழுது சாய்ந்து என் பங்குத் தழையைப் போட்டு முடித்துக் குளித்துவிட்டால், விடியும்வரை எனக்குக் கொட்டகையில் வேலை கிடையாது. புழு பெரிதாகித் தீனி அதிகமான பிறகு, படுக்கும் முன் இன்னொரு தரம் தழை போடவேண்டும். அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். காலையில் முகம், கழுத்து, கை எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் நான் கொட்டகை வாசலை மிதித்ததில்லை.

முதல் நாள் க்ரீமை முதலில் பூசி, அதன் மேல் சீரத்தை விட்டேன். அது உள்ளே இறங்காமல் கழுத்தில் வழிந்தது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சீரம் காய்ந்த பிறகுதான் க்ரீம், அதுவும் பட்டாணி அளவு, தேய்க்கக்கூடாது, ஒற்றவேண்டும் என்று வரிசை சொல்லிக்கொடுத்தாள். சீரம் காயும்வரை உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். முகம் குறுகுறுக்கும். வீட்டுக்காரர் உள்ளே வந்தால் சட்டென்று எழுந்து போர்வையை மடிப்பேன். மடித்த போர்வையையே எதற்குத் திரும்பத் திரும்ப மடிக்கிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். துணி துவைக்கிற நீலச் சோப்பிலேயே முகமும் கழுவுகிற மனிதர். தெரிந்தால் ஊருக்கே சொல்லிச் சிரிப்பார் என்று பயம்.

மாப்பிள்ளை வீட்டாருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. கன்னத்தில் ஓரமாக லேசாக நிறம் விட ஆரம்பித்தபோது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதுகூட குனிந்து அதில் முகம் பார்த்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வயதில் எனக்கு அழகாக இருக்க ஆசை வந்துவிட்டது. யார் வீட்டுப் பொருளையோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. டப்பாவில் க்ரீம் வேறு மளமளவென்று இறங்கிக்கொண்டே போயிற்று. எனக்கு என்ன இவ்வளவு பேராசை என்று திட்டிக்கொண்டு, பட்டாணி அளவை உளுந்து அளவாகக் குறைத்தேன்.

புழுக்கள் கடைசித் தோல் உரித்து எழுந்து, இரைச்சலாகத் தழை தின்கிற சமயத்தில் அது நடந்தது. விடியற்காலையில் கொட்டகைக்குப் போன வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். கோடியில் இருந்த அடுக்குகளில் தழை போட்டது போட்டபடி கிடந்தது. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. சில பச்சையாகக் கக்கிவிட்டுச் சுருண்டிருந்தன. கூடு கட்ட இன்னும் சில நாள்தான் இருந்தது.

எங்களுக்குக் குட்டிப் புழு கொடுக்கிறவரைப் போனில் கூப்பிட்டோம். வந்து பார்த்தார். தழை வெட்டிப் போட வந்திருந்த என் நாத்தனாரும் கூடவே நின்றார்; வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடுதான். பக்கத்து வயல்காட்டில் மருந்து அடித்தார்களா, புகையிலை போட்டிருக்கிறார்களா என்றெல்லாம் புழுக்காரர் கேட்டார். இல்லை என்றோம். தழையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"வூட்ல யாராச்சும் க்ரீம், சென்ட்டு எதனா போடறீங்களாங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"எங்க தம்பி பொண்டாட்டி போடறா. குப்பையில அட்டை கெடந்துச்சி, பாத்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு இவ ரெடியாவறா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். புழுக்காரர் மட்டும் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கழுவாமல் நான் உள்ளே வந்ததே இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோடி அடுக்குகளுக்கு நேற்று ராத்திரி தழை போட்டது நான் இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் குனிந்து செத்த புழுவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அவர் காதுக்கு முன்னால், சவரம் செய்யாத நரைமுடிக்குள், வெள்ளையாக ஒரு கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அது என் க்ரீம்.

நாத்தனார் அந்தப் பக்கம் வராதபடி குறுக்கே நகர்ந்து நின்றேன்.

"நான்தாங்க. கை சரியா கழுவல. இனிமே போடமாட்டேன்."

பாசத்தில் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். அந்த வெள்ளைக் கோட்டை வேறு ஒருவர் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அந்த அடுக்குகளைத் தனியாகப் பிரித்து, செத்ததைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவச் சொன்னார் புழுக்காரர். மற்ற அடுக்குகள் பிழைத்துக்கொண்டன. நாத்தனார் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

பகல் முழுக்க வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை. எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்துவிட்டு வாய் மூடி இருந்தாரே என்று நெஞ்சு கொதித்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்து அவர் கட்டிலில் உட்கார்ந்ததும், எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஒனக்கு மட்டும் வாங்கி அனுப்பிச்சா. எம் மூஞ்சி எதுக்கும் தேறாதுன்னு வுட்டுட்டா போலன்னு நெனச்சேன். நீ தூங்குனப்புறம் கொஞ்சம் போட்டுப் பாத்தேன். மூஞ்சிக்குத்தான போடறோம், கையத் துண்டுல தொடச்சாப் போதும்னு போயி, கோடியில இருந்து தழ போட ஆரம்பிச்சிட்டேன்." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "அவங்க வர்ற அன்னிக்கி நான் கொட்டாயிலயே இருந்துக்கறேன். ஒங்கண்ணன வரச்சொல்லி முன்ன நிக்கச் சொல்லு."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கம்தான் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷம் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். அந்த முகத்துக்கும் ஒரு கூச்சம் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நீங்கள்தானே அப்பன், நீங்கள் நிற்காமல் யார் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கவேண்டும்.

அப்போது மகள் போன் செய்தாள். தினமும் அந்த நேரத்துக்குச் செய்வாள். சத்தம் வெளியில் கேட்கிற மாதிரிதான் வைத்திருந்தேன். இன்னொரு டப்பா அனுப்பு என்றேன். யாருக்கு என்று கேட்டாள். நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்குத்தான் என்றேன். அதற்குள் தீர்ந்துவிட்டதா, அம்மாவுக்கு ஆசை அதிகமாகிவிட்டது என்று மகள் சிரித்தாள். ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா? கிண்டல் பண்றாரா?"

"அவருக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.