மூச்சு வாங்கிய மாப்பிள்ளை

என் அத்தையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சடுகுடு ஆடியதற்கு நாங்கள் பொறுப்பில்லை. வாயைக் கொடுத்தது அவருடன் வந்த பெரியப்பாதான். அன்னூர்ப் பக்கத்தில் தன் தம்பி மகனை மடக்கிப் பிடிக்க ஆளே கிடையாது என்று, கையில் காப்பி டம்ளரோடு எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா?

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். "சடுகுடு சடுகுடு" என்று கணீரென்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். நாலடி போவதற்குள் குரல் தேய்ந்து மூச்சு விட்டுவிட்டார். அமுக்கிவிட்டார்கள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை கோட்டின் மேலேயே உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்துவிட்டது. பொடிசுகள் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் அவர் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி வந்திருந்தார். மலைக்காற்று மெலிசு, கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது பழகச் சில நாளாவது ஆகும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்தக் காற்றிலேயே பிறந்து, கொழுந்து மூட்டையோடு மேடேறுகிற எங்கள் சனத்துக்கு அதை யார் சொல்வது? வாலிபனுக்கு மூச்சு வாங்கினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். பெரியப்பாவுக்கும்தான் இரைத்தது. அதை வயசு என்று விட்டுவிட்டோம்.

"நெஞ்சுல என்னமோ சீக்கு இருக்குதுங்க. மறைச்சுக் கூட்டியாந்திருக்கறாங்க" என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள். அப்பா அதன்பிறகு அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித் தட்டிப்போயிருந்தது. அந்த இரண்டு தடவையும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள் மாப்பிள்ளை வீட்டார்.

பஸ் நிற்கும் இடம் மேட்டுக்கு மேலே. வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். கடையில் சீமெண்ணெய் வாங்க வேண்டும் என்று அத்தையும் கிளம்பிவிட்டாள். அம்மா முறைத்துப் பார்த்தது வீணாயிற்று. தினமும் விடுவிடுவென்று ஏறுகிற மேட்டில் அன்றைக்கு அத்தை வளைவுக்கு வளைவு நின்றாள். "ஏனுங்க, அங்க பாருங்க, அதுதானுங்க ஃபேக்டரி" என்றாள். அடுத்த வளைவில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? இரைப்பு அடங்கும்வரை மாப்பிள்ளை அதையே பார்த்தார். இப்போதும் அந்த மலையை நினைத்தால், அவர்கள் இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முதலில் வருகிறது. மனம் அங்கேயே போய் நின்றுகொள்கிறது.

வீடு திரும்பியதும் அத்தை அப்பாவிடம் சொன்னாள்: "இவரையே பேசி முடிச்சிருங்கண்ணா. சீக்கா இருந்தா நான் பாத்துக்கறேன்."

அப்பா கத்தினார். அம்மா அழுதாள். அத்தை அசைந்து கொடுக்கவில்லை.

கல்யாணம் மலைக்குக் கீழே மாப்பிள்ளை ஊரில் நடந்தது. மறுநாளே அந்த ஊர் ஆட்கள் புது மாப்பிள்ளையை ஆட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். அப்பா பதறிப்போய்த் தடுக்க எழுந்தார். அதற்குள் மாமா கோட்டைத் தாண்டிவிட்டார். பாட்டு அறுபடவே இல்லை. பிடிக்க வந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு திரும்பிக் கோட்டைத் தொட்டார். தொட்ட பிறகும் பாடிக்கொண்டே இருந்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் அத்தையிடம் ஓடினேன். புதுச்சேலையின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா ஜெயிச்சுட்டாங்க அத்தே. எதுக்கு அழுவறே?" என்றேன்.

மாமா தோற்ற அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஜெயித்த அன்றைக்கு உட்கார்ந்து அழுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.