சொல்லாத ஓட்டு

1803, கென்டக்கி. பீப்பாய் செய்து பிழைத்த ஜெப்தா நாற்பது வயதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அப்படிப்பட்டவன், சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர்கள் எதிரிலேயே ஓட்டை உரக்கச் சொல்லவேண்டுமாம்! ஒருவர், அவன் குடியிருந்த நிலத்தின் சொந்தக்காரர் பெண்டர்காஸ்ட். மற்றவர் ஹார்லன். ஹார்லனுக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"யாருக்குய்யா?" என்றார் தேர்தலை நடத்திய ஷெரிப்.

ஜெப்தாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தனக்கு ஓட்டுப் போட்டவனுக்கு வேட்பாளர் எழுந்து நன்றி சொல்வது வழக்கம். பெண்டர்காஸ்ட் முன்கூட்டியே எழுந்தார்.

"ரொம்ப நன்றி ஜெப்தா. புள்ளைங்க சௌக்கியந்தானே?"

ஜெப்தா தலையாட்டினான். குமாஸ்தா அதைப் பெண்டர்காஸ்டுக்கான ஓட்டாக எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் முடிவு வந்தது: பெண்டர்காஸ்ட் நூற்றுப் பதினொன்று, ஹார்லன் நூற்றுப் பத்து.

"நல்லா சத்தமாச் சொன்னீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி.

அப்போதும் அவனுக்கு வாயெழவில்லை.