தெளிவாக் கேட்ட பாங்கு

இண்டைக்கு நோன்பு திறந்த கதையச் சொல்றேன்.

எங்கட வீடு மேற்குக் கடலோரத் தென்னந்தோட்டத்துக்குள்ள. காத்து மாறினா பள்ளிவாசல்ல தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு கேக்காது. அதனால நோன்பு திறக்கிறது ஸ்டீரியோ செட்டுல வாற எஃப்.எம். பாங்குக்குத்தான். அதுவும் ஒரே இரைச்சல்.

இண்டைக்கு முந்தல் டவுனுல அன்டெனா வயர் வாங்கி, நீளப் பைப்புல கட்டி, கூரைக்கு மேல ஏத்தினேன். எந்த ஸ்டேஷன் எண்டு பாக்கல்ல; எந்தப் பக்கம் திருப்பினா தெளிவா வருதோ, அந்தப் பக்கமே வெச்சு இறுக்கிக் கட்டினேன்.

"பக்கத்துல இருந்து பேசுற மாதிரி ஈக்குதே மருமகன்!" எண்டு மாமி மெச்சினா.

செட்டுல பாங்கு சொன்னாங்க. எல்லாரும் ஈச்சம்பழத்த வாயில போட்டோம். கஞ்சியும் குடிச்சோம்.

பாங்கு முடிஞ்சதும் அறிவிப்பாளர் சொல்றார்: "இது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கான நேரம்."

மாமிட கையில கோப்பை அப்படியே நிண்டுது.

ஜன்னலால எட்டிப் பாத்தேன். யா அல்லாஹ்! கிழக்குல பொழுது பட்டிருக்கும்; இங்க தென்னைகளுக்கு இடையில சூரியன் இன்னும் கடலுக்கு மேல நிக்குது.

முறிஞ்ச நோன்புக்குப் பதிலா, வீட்டார் எல்லாரிட கழா நோன்பையும் நான் ஒருத்தனே புடிக்கணுமாம். பொஞ்சாதிட தீர்ப்பு. மார்க்கத்துல அதுக்கு இடமிருக்கா? தெரிஞ்ச ஆலிம்கள் கொஞ்சம் கெதியா கமெண்ட்டுல சொல்லுங்க.

அன்டெனாவைத் திருப்பப் போறேன் எண்டு சொல்லிட்டு நான் இப்ப கூரைக்கு மேல இருக்கிறேன். ஏணிக்கடியில மாமி நிக்கிறா.