அரைச் சுற்றில் நின்ற பேன்

மருதமுனையில் ஆம்பிளைகள் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு வீட்டுக் கொம்பியூட்டர் பழுதானால் முனவ்வறாவுக்குத்தான் போன் வரும். வயது நாற்பத்திரண்டு. கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கூப்பிட்டால் கணவர் ஸிராஜின் ஓட்டோவில் ஒரு பையோடு வந்து இறங்குவார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே கோபத்தில்தான். சில வருசத்துக்கு முன்னர் வீட்டில் இருந்து வினாத்தாள் டைப் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கொம்பியூட்டர் எழும்பவில்லை. திருத்தக் கொடுத்த இடத்தில் மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு, “போர்ட் செத்துட்டு, புதுசு வாங்குங்க” என்று திருப்பிக் கொடுத்தார்கள். செத்ததென்றால் திறந்து பார்ப்பதில் என்ன நட்டம்? திறந்தார். உள்ளே காய்ந்துபோன பல்லி ஒன்று, கடற்காற்றில் பிடித்த துரு, விரல் தடிப்புக்குத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, மெமறியைப் பென்சில் றபரால் தேய்த்துப் போட்டார். கொம்பியூட்டர் எழும்பியது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு றுஸ்னா ஓடி வந்தாள். அடுத்த கிழமை தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பாண்டிருப்பிலிருந்து சுஜித்தா போன் எடுத்தாள். வீடுகளுக்குப் பிளான் கீறுகிறவள்.

“அக்கா, கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வாங்கிப் போட்டன். இப்ப கொம்பியூட்டரே எழும்புதில்ல. பின்னேரம் ஆக்கள் வாறாங்க.”

“புகை கிகை வந்ததா?”

“இல்லக்கா.”

“அப்ப அழாத. வாறன்.”

வரவிருந்தவர்கள் பாலமுனை மீராசாவும் மனைவி நஸீறாவும். மகளுக்கு வீடு கட்டப்போகிறார்கள். பிளானின் கோடுகள் நஸீறாவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரியே காட்டுகிறேன் என்று சுஜித்தா வாக்குக் கொடுத்துவிட்டாள். பழைய கொம்பியூட்டருக்கு அது தாங்காது. அதனால்தான் கார்டும், அதற்கு ஏற்ற பெரிய பவர் சப்ளையும் வாங்கி, வீடியோ பார்த்துத் தானே பூட்டினாள்.

முனவ்வறா வந்ததும் பட்டனை அமத்தச் சொன்னார். பெட்டிக்குள் காற்றடிக்கும் பேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அமத்தினாலும் அதே அரைச் சுற்று.

“கார்ட் பழுதாக்கும். பாவிச்ச கார்ட்தான் வாங்கினன்” என்றாள் சுஜித்தா. அவளுடைய முகம் வாடிப்போயிருந்தது.

“அது சொல்லட்டும், நீ சொல்லாத.”

முனவ்வறா கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அமத்தினார். கொம்பியூட்டர் ஒழுங்காக எழும்பியது. கார்டைத் திரும்ப அதன் இடத்தில் குத்தினார். ஆனால் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வயரை மட்டும் சும்மா தொங்கவிட்டு அமத்தினார். இந்தமுறையும் பேன் நிற்காமல் சுற்றியது.

“பாத்தியா! கார்ட் குந்தியிருக்கிறதால கரைச்சலில்ல. வயரக் குத்தினாத்தான் கரைச்சல்.”

போன் லைட்டை அடித்து, அந்த வயரின் தலையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கறுப்புப் பிளாஸ்டிக்கில் எறும்பு அளவில் மூன்று எழுத்து: CPU.

“புள்ள, இது பூட்டக்குள்ள இறுக்கமா இருந்திச்சா?”

“ஓமக்கா. போகவே மாட்டன் எண்டு நிண்டிச்சு. நல்லா ஊண்டி அமத்தினன்.”

முனவ்வறா சிரிக்கத் தொடங்கி, கதிரையில் உட்கார்ந்தே விட்டார். அது கார்டின் வயரே இல்லை. புதுப் பவர் சப்ளையோடு வந்த, போர்டில் CPU-வுக்குப் போகும் வயரில் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் எட்டுக் கம்பி, பார்க்க ஒரே மாதிரி. ஆனால் கரண்ட் வரும் பக்கம் தலைகீழ். மாறிப் பூட்டியதும் பவர் சப்ளை பயந்து தன்னையே நிற்பாட்டிக்கொண்டது. அது நின்றதால்தான் கார்ட் தப்பியது. கார்டுக்குரிய உண்மையான வயர் பவர் சப்ளை வந்த பெட்டியின் மூலையில், கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. அதை எடுத்துக் குத்தினார்கள். ‘டிக்’ என்று லேசாகப் போய் இருந்தது.

பேன் சுற்றியது. கார்டில் லைட் எரிந்தது. மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

“அல்லாஹ்வே, இப்ப என்ன?” என்று முனவ்வறா பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மொனிட்டர் வயர் பழைய துவாரத்திலேயே இருந்தது. கழற்றிக் கார்டில் குத்தியதும் திரை பளிச்சென்று வந்தது. சுஜித்தா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மீராசாவும் நஸீறாவும் வந்து சேர்ந்தார்கள். திரையில் வாசல் கதவு திறந்தது. ஹோல், அறை, பிறகு குசினி. நஸீறா வாயில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாரிக்கி. ஆனா இந்த ஜன்னல்ல நிண்டா றோட்டு தெரியுதில்லியே.”

“சமைக்கிற இடத்தில றோட்டு என்னத்துக்கு?” என்றார் மீராசா.

“யாரு வாறாங்க எண்டு தெரிஞ்சாத்தானே எத்தின பேருக்குத் தேத்தண்ணி வைக்கிற எண்டு பாக்கலாம்?”

சுஜித்தா ஜன்னலை மற்றச் சுவருக்குத் தள்ளினாள். கண் மூடித் திறப்பதற்குள் வெயில் குசினித் தரையில் விழுந்தது. முனவ்வறாவின் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, “அலுமாரிய இஞ்சால வைக்கேலாதா?” என்று அவரும் கேட்டார்.