சாமி மேடையில் ஒரு காற்று பம்ப்

அந்த பம்பைச் சாமி மேடையில் வைக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மெஷின்களைப் பழுது பார்த்தவர் என் கணவர். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில் வீட்டுக்கு வந்தவர், மெல்ல மெல்லப் பேச்சையும் நிறுத்திவிட்டார். கோபத்தில் நிறுத்தியிருந்தால் சண்டை போட்டாவது பேச வைத்திருப்பேன், எனக்கு அந்தத் திறமை உண்டு. இது அப்படியில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் நாலாவது மாடியில், ஹாலில் உட்கார்ந்துகொண்டு, எதைக் கேட்டாலும் "ம்" என்பார். எட்டு மாதம் அந்த "ம்"மோடு குடித்தனம் நடத்தினேன். ஒருநாள் அதுவும் நின்றுபோகுமோ என்று பயமாக இருந்தது.

சாலாக் செலாத்தானில் இருந்த அவருடைய பழைய சகா வீடு மாறும்போது, ஒரு ஜோடி டிஸ்கஸ் மீனைத் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். தட்டு மாதிரி வட்டமான மீன்கள், செம்மண் நிறத்தில் நீலக் கோடு. சில வாரத்தில் அவை முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன. அன்று அவர் சமையலறை வாசலுக்கு வந்து, "இங்க வந்து பாரேன்" என்றார். நான் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கும் வழுவழுப்பைத் தின்றுதான் வளருமாம். அதை விளக்கியபோது அவர் குரல் பழைய குரலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு குஞ்சைக்கூடக் காணோம். தொட்டி விளிம்பில் தொங்கிய மோட்டார் ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளேயிருந்த பஞ்சில் எல்லாம் ஒட்டிக் கிடந்தன. மறுபடியும் "ம்" ஆரம்பித்துவிட்டது.

அவரை அப்படியே விட்டால் இனி எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. நானே கிளப்பி, கிள்ளானில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குக் கூட்டிப்போனேன். மெஷின் பார்த்த கை, நேராக இன்னும் பெரிய மோட்டார் ஃபில்டர் பெட்டியில் போய் நின்றது.

"அண்ணே, குஞ்சு இழுத்துக்காத ஃபில்டரா ஒண்ணு குடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"அப்போ ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான்க்கா. தண்ணிக்குள்ள மோட்டாரே கெடையாது. வெளிய ஒரு காத்து பம்ப்பு, டியூப்ல காத்து உள்ள போவும், அவ்ளோதான். குஞ்சு அது மேலயே ஏறி மேயும், ஒண்ணும் ஆவாது லா."

"மோட்டார் வாயில ஸ்டாக்கிங் துணி கட்டுனா போதாதா பாஸ்?" என்று இவர் கேட்டார்.

"போன தடவ மோட்டார் பண்ணுனது பத்தலயா உங்களுக்கு?" என்றேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர் கையிலிருந்த பெட்டியைத் திரும்ப வைத்தார். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார்: "பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. கரண்டு போனா தண்ணி டியூப் வழியா திரும்பி வந்துரும்."

எங்கள் ஹாலில் தொட்டியைவிட உயரமாக, பிளக்கும் பக்கத்தில் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. சுவரில் அடித்த சாமி மேடை. அங்கே வைக்கச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சாமிகிட்ட இருந்தா பத்திரமாதான் இருக்கும்" என்று முடித்துவிட்டேன்.

பம்ப் படங்களுக்கு நடுவில் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் மறுபடியும் முட்டை, மறுபடியும் குஞ்சு. ஒன்றுகூடத் தொலையவில்லை. அவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்தார். எந்தக் குஞ்சு சோம்பேறி, எது அப்பாவை விட்டு அம்மாவிடம் தாவியது என்று வாய் ஓயாமல் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு நல்லது எங்கள் வீட்டில் தங்காது என்று ஒரு எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு ஆன்டி வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து, "அம்மாடி, எத்தன குஞ்சு! நூறு இருக்குமா?" என்றார். அதற்கு முந்தைய வெள்ளிகளில் ஊதுபத்தியோடு நிறுத்தியிருந்தேன். அன்று திருஷ்டி கழிய வேண்டும் என்று தூபக்காலில் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். வெளியே நல்ல மழை, ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. அவர் குஞ்சுகளுக்குத் தீனி வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்தார். வேலை போன பிறகு அவர் தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை.

தூபத்தை ஹால் முழுக்கக் காட்டி, தொட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, சாமி மேடையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெரிய மீன்கள் இரண்டும் கறுத்துப்போய் ஒரு மூலையில் நின்றன. குஞ்சுகள் அவற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் மேல்மட்டத்தில் சிதறியிருந்தன. திருஷ்டிதான், பலித்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்து, இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். தூபக்காலிலிருந்து எழுந்த புகையில் ஒரு மெல்லிய இழை பக்கவாட்டில் வளைந்து, பம்பின் அடியில் காற்றை இழுக்கும் ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சிலிருந்து வெள்ளைக் குமிழிகள் வரிசையாக, அழகாக மேலே வந்தன. அத்தனையும் புகை. பிளக்கைப் பிடுங்கினேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஒரு வாளித் தண்ணீர்கூட மாற்றிப் பார்த்தேன். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடியில் போய் விழுந்தன. பெரிய மீன்கள் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு பிழைத்துக் கிடந்தன.

அவர் நனைந்துகொண்டு வந்தார். தீனிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனார். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். அவர் கையை உள்ளே விட்டு ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"தண்ணியில குளோரின் ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல். "நான்தான் சரியா பாக்கல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"காப்பி போடவா?" என்றேன்.

"ம்" என்றார்.