அபிஷா போட்ட முக்காடு

பந்தல்குடியில் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டும் ஜோயலிடம் லோடு பேச வருகிறவர்கள் பாவம். கொத்தமல்லி மூட்டை எத்தனை ஏறும், எந்த ரோட்டில் போவான், எப்போது வருவான் என்று மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். மீதி இரண்டுக்கும் தலையாட்டல். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டுக் கேட்டு ஊரே சலித்துவிட்டது. ஆனால் சொன்ன நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கும். அதனால் விட்டுவிட்டார்கள்.

அப்பன் பேசாதது ஊருக்குப் பழகிப்போனது. மகள் பேசாததுதான் வீட்டை அரித்துக்கொண்டிருந்தது. அபிஷாவுக்கு மூன்று வயது ஆக இன்னும் நான்கு மாதம். "அம்மா" வரும், "ம்ம்" வரும். வேண்டியதைக் கையை நீட்டிக் காட்டுவாள், கிடைக்காவிட்டால் தரையில் உருளுவாள். அவ்வளவுதான். அவள் வயதுப் பிள்ளைகளோ தூத்துக்குடி ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிக்கும் டாட்டா சொல்லி, டிரைவரிடம் ஊரும் விசாரித்துக்கொண்டிருந்தன.

அருப்புக்கோட்டையில் காது பார்க்கும் டாக்டர் சோதித்துப் பார்த்தார். "காது நல்லா கேக்குது. பிள்ளையோட பேசுங்க. மூணு வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசலேன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிப் பாத்துருவோம்" என்றார்.

பிள்ளையோடு பேசுங்கள் என்று சொல்வது லேசு. ஜோயலின் மனைவி சுகந்திக்குப் பஞ்சு மில்லில் மத்தியான ஷிப்டு. பால்வாடி விட்டதும் பிள்ளை ஜோயல் பொறுப்பு. குளிப்பாட்டுவான், ஊட்டுவான், தோளில் போட்டுத் தட்டுவான். எல்லாம் ஊமைப்படம் போல நடக்கும். பாசம் இல்லாத மனிதன் என்று யாரும் சொல்ல முடியாது. வார்த்தைதான் இல்லை.

பால்வாடி டீச்சர் செல்வலட்சுமி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளாட்டுக் குட்டி ஒன்று தண்ணீர் தேடிக் கண்மாய்க்குப் போகிற கதை. பன்னிரண்டே பக்கம். "சாயங்காலம் பத்து நிமிசம் இத பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்கண்ணே. பேச்சு வந்துரும்" என்றார்.

ஜோயல் அப்படியே நம்பினான். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் வாசிக்க நன்றாகவே வரும். அவன் பிறந்து வளர்ந்த திருச்சுழிப் பக்கத்து வீட்டில் இருந்த ஒரே புத்தகம் வேதப்புத்தகம். பொழுது சாய்ந்ததும் அப்பா சுவாமிதாஸ் பாயை விரித்து உட்கார்ந்து வாசிப்பார். அம்மா முக்காடு போட்டுக்கொள்வாள். பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஜெபம் முடிகிறவரை மூச்சுக் காட்டக் கூடாது. தன் வீட்டிலும் ஜோயல் அதையேதான் நடத்திவந்தான். புத்தகம் வாசிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே முறை அது.

ஆகவே ஆட்டுக்குட்டிக் கதைக்கும் பாய் விரிந்தது. கைகால் கழுவி, முக்காலியில் புத்தகத்தை வைத்து, நிறுத்தி நிதானமாக, ராகம் போட்டு வாசித்தான். முதல் நாள் அபிஷா ஏதோ சத்தம் கொடுத்துக்கொண்டு படத்தில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்" என்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கொடியில் கிடந்த அம்மாவின் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கைகூப்பி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்தாள். ஜோயலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பிள்ள அசையாமக் கேக்குது" என்று சுகந்தியிடம் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய பிரசங்கம்.

பதினாறாம் நாள் மில்லில் ஏதோ மிஷின் கோளாறு. சுகந்தி ஆறு மணிக்கே வீடு திரும்பினாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பன் ஆட்டுக்குட்டிக்குப் பிரசங்கம் பண்ணுகிறான், மகள் முக்காட்டுக்குள் பயபக்தியோடு இருக்கிறாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஏங்க, பிள்ள கண்ணத் தொறக்கவே இல்லையே! தெனமும் இப்படித்தானா?"

ஜோயல் தலையாட்டினான்.

"அப்ப இந்த ஆட்ட அது பாக்கவே இல்லையா?" என்றவளுக்குச் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. "நாளு ஓடுதுங்க. டாக்டர் சொன்ன கெடு வந்துக்கிட்டே இருக்கு."

ஜோயல் புத்தகத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஆறு வயதில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பா வாசித்த வேதப்புத்தகக் கதையில் கூட்டத்தை விட்டுப் போன ஆடு ஒன்று வந்தது. "அந்த ஆடு எங்கப்பா போச்சு?" என்று கேட்டுவிட்டான். ஓங்கி விழுந்தது ஓர் அறை. அதற்கப்புறம் அவன் எதையும் கேட்டதில்லை. அவனுக்கு விழுந்த அறைதான் தன் வாயால் மகளிடம் "ஷ்ஷ்" ஆகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பால்வாடி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் நடந்ததைச் சொன்னான். செல்வலட்சுமி டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என் தப்புதாண்ணே. வாசிங்கன்னு மட்டும் சொல்லி விட்டுட்டேன். எழுத்த விடுங்க. பிள்ள கை எங்க போகுதோ அங்க போங்க. ஆட்டத் தொட்டா 'ஆடு'ன்னு சொல்லுங்க. அப்புறம் 'ஆடு தண்ணி குடிக்குது'ன்னு கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க. பக்கத்த அதுவே திருப்பட்டும். 'இது என்ன?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு, அஞ்சு எண்ணுற வரைக்கும் வாயத் தொறக்காம இருங்க. அதுதான் ஒருத்தருக்கும் முடியல. கேட்ட வாய் மூடுறதுக்குள்ள அவுகளே பதிலையும் சொல்லிருதாக."

"அது எனக்கு முடியும்" என்றான் ஜோயல். ஆறு வயதிலிருந்து அவன் பழகியது அது ஒன்றுதானே.

வீட்டில் பாயைப் பார்த்தாலே அபிஷா துப்பட்டாவைத் தேடினாள். அதனால் இடத்தை மாற்றினான். வாசல் வேம்புக்கு அடியில் நிற்கும் வண்டியின் முன்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டான். அங்கே அவள் கண்ணை மூடவில்லை. மூன்று நாள் படத்தைப் பார்ப்பதும் அப்பன் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள், "ஷ்ஷ்" எப்போது வரும் என்று. வரவில்லை என்றதும் விரல் மெல்ல நீண்டது.

"ஆடு" என்றான் ஜோயல். "கருப்பு ஆடு." பிறகு, "ஆடு எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினான். ஐந்து போதவில்லை. பத்து, பதினைந்து வரை எண்ணினான். அவனுக்கு அவசரமே இல்லை.

எட்டாம் நாள் அபிஷா "ஆது" என்றாள். ஜோயல் பதில் சொல்ல மறந்து ஹாரனை அமுக்கிவிட்டான். தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்தடுத்து "தண்ணி" வந்தது, ஹாரனைக் காட்டி "பாம்" வந்தது, "கோழி" வந்தது. புத்தகத்தின் ஓரமெல்லாம் கடித்து நைந்துபோனது. டீச்சர் வேறு இரண்டு புத்தகம் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகவே வந்தது. இரண்டு சேரவில்லை. சுகந்தி காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், பார்த்தால் பயமாக இருந்தது.

பிறந்தநாளும் வந்துவிட்டது. ஜெபம் நடத்தத் திருச்சுழியிலிருந்து சுவாமிதாஸ் பஸ் ஏறி வந்திருந்தார். பாய் விரித்தார்கள். சுகந்தி முக்காடு போட்டாள். அபிஷாவுக்கும் போட்டுவிட்டாள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேத்திக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று, காணாமல்போன ஆட்டின் கதையையே எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

நடுவில் துப்பட்டா நழுவியது. அபிஷா எழுந்து தாத்தாவிடம் போய், திறந்திருந்த பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஆது எங்க?"

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வார்த்தை. முதல் முதலாகச் சேர்ந்து வந்த இரண்டு வார்த்தை. சுவாமிதாஸோ கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "ஏலே, பிள்ளைய அடக்கு. வாசிக்கும்போது என்ன பேச்சு?"

"அப்பா" என்றான் ஜோயல். "நிறுத்துங்க. பிள்ள கேக்குதுல்ல? பதில் சொல்லுங்க."

மகன் எதிர்த்துப் பேசிக் கிழவர் கேட்டதில்லை. பேசியே அதிகம் கேட்டதில்லை. மகனைப் பார்த்தார், அழுகிற மருமகளைப் பார்த்தார், புத்தகத்தின் மேல் இருந்த அந்தச் சின்ன விரலைப் பார்த்தார். ஜோயல் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு எண்ணியபோது கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடு காணாமப் போச்சு தாயி" என்றார். "வழி தெரியாமப் போயிருச்சு. தேடிப் போயிருக்காக."

"ஆது வரும்?"

"வரும் தாயி. தூக்கிட்டு வந்துருவாக."

அபிஷா திருப்தியாகி அப்பன் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஜோயல் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். ஆறு வயதில் அவன் கேட்ட கேள்விக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.